ஆல்பிரட் ரொனால்ட்ஸ்

ஆல்பிரட் ரொனால்ட்ஸ் (1802 – 1860) ஓடைகளில் வாழும் டிரவுட் மீன்கள் எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சிகளை உண்கின்றன என்பதை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலேயர் ஆவார். 1836 இல் வெளிவந்த தி ஃபிளை ஃபிஷர்ஸ் என்டமாலஜி (ஈத்தூண்டிலாளரின் பூச்சியியல்) இவரது ஒரே புகழ்பெற்ற நூலாகும்.

வாழ்க்கை

இவர் லண்டனில் பிறந்தார். 1816 இல் மின்தந்தியை இயக்கிக் காட்டிய பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் இவருடைய தமையனார். பின்னர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வாழ்ந்தபோது, பிளைத் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒரு குடிலை அமைத்து, மீன்களின் கண்ணில் படாமல் அதன் சாளரங்கள் வழியே அவற்றைக் கவனித்து வந்தார்.

ஆய்வுகள்

கடுகும் மிளகாய்த்தூளும் தடவிய இறந்த ஈக்களை நீரில் இட்டபோதும் டிரவுட்டுகள் அவற்றை விழுங்கின. மறைவில் துப்பாக்கி சுடச் செய்தபோது அவை அசையவில்லை. எனவே இரையைத் தேர்வதில் பார்வையே முதன்மையானது என்று கருதினார். துப்பாக்கிச் சோதனையைக் கொண்டு மீனுக்குச் செவிப்புலன் இல்லை எனக் கொள்வது தவறாகும். காற்றில் எழும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. கரையில் நிற்பவர், ஒளிவிலகலால் நீருக்குள் இருக்கும் மீனுக்கு எவ்வாறு தோன்றுவார் என்பதையும் வரைபடத்தால் விளக்கினார்.

நூல்

இறகும் மயிரும் கொண்டு கட்டப்படும் தூண்டில் ஈக்களுக்கு அக்காலத்தில் ஊருக்கொரு பெயர் வழங்கியது. ரொனால்ட்ஸ் உண்மைப் பூச்சியையும் அதன் செயற்கை வடிவத்தையும் அருகருகே வண்ணத்தில் வரைந்து, அறிவியல் பெயரும் தந்து, மாத வரிசையில் அடுக்கினார். மார்ச்சு மாதத்தில் பழுப்பு நிற மார்ச்சு ஈ, ஏப்ரலில் கல் ஈ, மே இறுதியிலும் சூனிலும் சில நாட்களே வாழும் பெரிய மே ஈ, இலையுதிர் காலத்தில் வில்லோ ஈ என அவ்வரிசை செல்கிறது. பூச்சி நீரிலிருந்து வெளிப்படும் காலமே மீனின் உணவைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இருப்பினும் சிறகு முளைத்த பூச்சிகளுக்கே நூல் முதன்மை தருகிறது. டிரவுட் தன் உணவில் பெரும்பங்கை நீருக்கடியில், இளவுயிரிகளாகவே உண்கிறது. இதனை 20 ஆம் நூற்றாண்டில் ஸ்கூஸ் என்பவரே தூண்டிற்கலையில் வலியுறுத்தினார்.

ஆத்திரேலியாவில்

மனைவி இறந்தபின் 1848 இல் ஆத்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, செதுக்கோவியராகவும் பின்னர் பல்லாரட்டில் நாற்றுப்பண்ணை உரிமையாளராகவும் வாழ்ந்து அங்கேயே காலமானார். அக்கண்டத்து ஆறுகளில் அப்போது டிரவுட் இல்லை. 1864 இல்தான் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரித்தன. இவரது நூல் இவருக்குப் பின்னும் பல பதிப்புகளைக் கண்டது.