பம்பாய் சென்ற திருவையாற்றுப் பெண்

எட்டு வயதிலே கல்யாணம். சில காலத்திலேயே வாழாவெட்டி. அடுத்து, தகப்பனாரும் கண்ணை மூடினார். 1911-ம் ஆண்டு திருவையாற்றில் பிறந்த ராஜலட்சுமி, தாயாருடன் திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது கையில் காசு இல்லை. தொண்டையில் குரல் இருந்தது.

அந்நாளில் திருச்சியில் சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனி பேர் போனது. சிறுமி அங்கே போய்ப் பாடிக் காட்டினாள். இடம் கிடைத்தது. பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறுவதா என்று ஊர் வாயில் விழுந்த காலம் அது. ஊர் ஏசும், சோறு போடுமா? "பவளக்கொடி" முதலிய நாடகங்களில் நடித்து, ராஜலட்சுமி தன்னையும் தாயையும் காப்பாற்றினாள். மேடையிலே தேசியப் பாட்டுகளைப் பாடி, வெள்ளைக்கார அதிகாரிகளின் கோபத்துக்கும் ஆளானாள்.

ஊமைப் படங்களிலும் தலைகாட்டினார். ஆனால் ஊமைப் படத்தில் அந்தக் குரலுக்கு என்ன வேலை?

1931 மார்ச்சில் பம்பாயில் "ஆலம் ஆரா" வெளிவந்தது. இந்தியப் படம் பேசத் தொடங்கிவிட்டது! அதை எடுத்த இம்பீரியல் கம்பெனி அதிபர் அர்தேஷிர் இரானி, தமிழ் நாட்டுக்கும் ஒரு பேசும்படம் எடுக்க விரும்பினார். எச். எம். ரெட்டி டைரக்டர். கதாநாயகி ராஜலட்சுமி. வயது இருபதுகூட நிரம்பவில்லை.

பாஷை தெரியாத பட்டணம். ஸ்டூடியோவிலோ தமிழ் அறிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான். இந்த நாள் போல் பின்னணி பாட ஆள் கிடையாது. நடித்துக்கொண்டே பாட வேண்டும், பாடிக்கொண்டே ஆட வேண்டும். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர், மைக்குக்குத் தக்கபடி குரலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

படம் "காளிதாஸ்". இதில் ஒரு வேடிக்கை. அரசகுமாரி ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார்! திருவையாற்றில் சமாதி கொண்ட தியாகையரின் கீர்த்தனைகளையும் பம்பாய் ஸ்டூடியோவில் அவர் பாடினார். மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய கை ராட்டினப் பாட்டும் உண்டு. காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டினம் எங்கே வந்தது என்று எவரும் கேட்கவில்லை. மனத்துக்கு இசையாத கணவனைத் தலையில் கட்டி ஏமாற்றப்படுகிறாள் கதையின் அரசகுமாரி. அந்த வேதனையை ராஜலட்சுமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திராது.

1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வெளியாயிற்று. பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது ஜனங்கள் தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். "வள்ளி திருமணம்" முதலிய படங்களும் தொடர்ந்து வந்தன. அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்துகொண்டார். "சினிமா ராணி" என்ற பட்டமும் கிடைத்தது.

நடித்ததோடு அவர் நிற்கவில்லை. தாம் எழுதிய நாவலை 1936-ல் "மிஸ் கமலா" என்ற படமாக எடுத்தார். கதை, வசனம், டைரக்ஷன் எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் படம் டைரக்ட் செய்த முதல் பெண் அவர்தான். பெண் குழந்தை என்று கொல்லப்பட இருந்த ஒரு சிசுவை எடுத்து வளர்க்கவும் செய்தார்.

சொந்தப் படம் எடுத்தவர்களுக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது. "இந்தியத் தாய்" தணிக்கையில் சிக்கிப் பெரும் பணத்தை விழுங்கியது. படங்கள் குறைந்தன, சேர்த்த செல்வமும் கரைந்தது. 1964-ல் காலமானார்.

"காளிதாஸ்" படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. "மிஸ் கமலா"வும் இல்லை. பாட்டுப் புத்தகமும் சில போட்டோக்களும் இருக்கின்றன. படத்தில் முதன்முதலாகத் தமிழ் பேசிய அந்தக் குரலை, அந்தப் படங்களில் இனிக் கேட்க வழியில்லை.