மூதறிஞர் இராஜாஜியும் கைராட்டையும்

ஆடை மானத்தைக் காப்பது. ஆயினும், அவ்வாடைக்குப் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும் நாடு, உடுத்தியிருந்தும் மானம் இழந்ததேயாகும். இதனை உணர்ந்து, செல்வ வாழ்வைத் துறந்து, சிற்றூர்க் குடிசையில் அமர்ந்து இராட்டை சுழற்றியவர் மூதறிஞர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அவர் பெருமையை யாவரும் அறிவர். நாம் பிழைப்பை நாடி வந்து வாழும் இச்சித்தூர், திருப்பதிப் பகுதிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை அறிந்தோர் சிலரே.

1878 டிசம்பர் 10ஆம் நாள், அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, 1900 முதல் சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிப் பொருளும் புகழும் ஒருங்கே ஈட்டினார். 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். 1919இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்திலேயே தங்கினார். அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நிலைத்தது.

அடுத்து எழுந்தது ஒத்துழையாமை இயக்கம். அயல்நாட்டுத் துணியை விலக்குதல், கதர் உடுத்தல், அரசாங்க நீதிமன்றங்களைப் புறக்கணித்தல் ஆகியவை அதன் விரதங்கள். இராஜாஜி மூன்றையும் மேற்கொண்டார். வழக்கறிஞர் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் சிறைப்பட்டு, நம் சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்ச் சிறையில் மூன்று திங்கள் இருந்தார்.

1925 பிப்ரவரி 6ஆம் நாள், திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, மக்களுடன் அங்கேயே குடியேறினார். மழை பொய்த்து வாடிய வட்டாரம் அது. ஆசிரமத்தார் பஞ்சு கொடுத்தனர். பெண்கள் வீட்டிலிருந்தே நூற்றுக் கொண்டுவந்தனர். நூலை நிறுத்துக் கூலி வழங்கினர். அந்நூல் நெசவாளர் தறியேறிக் கதராயிற்று. மில் துணியினும் கதர் முரடாயிருக்கலாம். ஆனால் அதை வாங்குவோர் கொடுத்த காசு கடல் கடந்து லங்காஷயர் ஆலைகளுக்குச் செல்லாமல், பக்கத்து ஊர்க் குடிசையில் உலை வைத்தது. வாளின்றி, வசையின்றி, ஒருவரையும் துன்புறுத்தாமல் அந்நிய ஆட்சியை எதிர்க்கும் வழியும் அதுவே ஆயிற்று. தாழ்த்தப்பட்டோரையும் ஆசிரமத்தில் உடன் வைத்துக்கொண்டதால் சுற்றுப்புறத்தார் சிலர் சினந்தனர். இராஜாஜி அசையவில்லை.

அவ்வாண்டின் இறுதியை ஒட்டி நிகழ்ந்ததே நம் பகுதிக்குரிய செய்தி. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அடியார் ஒருவர், பக்தி மேலீட்டால் திருச்சானூர்க் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். அது சமயத்தை இழிவுபடுத்திய குற்றமெனக் கொண்டு தண்டனை விதிக்கப்பட்டது. இராஜாஜியோ நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை என்று விரதம் பூண்டவர். விரதத்தைக் காப்பதா, ஏழையைக் காப்பதா? அவர் சித்தூர் நீதிமன்றத்திற்கு வந்து அவ்வேழைக்காக வாதாடினார். தண்டனை நீங்கியது. காந்தியடிகளும் அச்செயலை ஏற்றுக் கொண்டார்.

விரதம் முறிந்ததன்றோ என்று சிலர் வினவலாம். ஆழ்ந்து நோக்கின் அவ்வாறன்று. எவருக்காக அவர் நூல் நூற்றாரோ, எவருக்காக நீதிமன்றத்தை விட்டாரோ, அவருக்காகவே அதில் மீண்டும் கால் வைத்தார். உழைத்து உண்ணும் உரிமையும் இறைவன் முன் நிற்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று வேறானவை அல்ல. தன் காலில் நிற்பதென்பது, பிறரைத் தள்ளிவிட்டு நாம் நிற்பதன்று. வீழ்ந்தவரும் எழுந்து நிற்கும்படி செய்தலேயாகும். இதுவே கதரின் பொருள்.

1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரையை நடத்தினார். 1937இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். கோயில் நுழைவுக்குத் துணை செய்யும் சட்டம் 1939இல் அவர் ஆட்சியிலேயே நிறைவேறியது. 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தபோதும் அவர் மேனியில் விளங்கியது அதே வெண்கதரே. 1972 டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

அம்மேதை வாதாடிய சித்தூரிலும், அவ்வடியார் வழிபட்ட திருச்சானூரிலும் நாம் நாள்தோறும் சென்று வருகிறோம். நம் காலனிக் குழந்தைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோமாக. பண்டிகைக்குப் புத்தாடை எடுக்கும்போது, ஒன்றாயினும் கைந்நூல் ஆடையாக இருக்கட்டும். அதன் விலையால் ஓர் ஏழை வீட்டில் அடுப்பெரியும்.