ஞாயிற்றுக்கிழமையைப் பெற்றுத் தந்தவர்

பெரிய பஞ்சாலை ஒன்றின் முதன்மை வாயிலருகே அறிவிப்புப் பலகை ஒன்று தொங்கும். வேலை தொடங்கும் நேரம், நண்பகல் இடைவேளை, வேலை முடியும் நேரம், வார விடுமுறை, கூலி வழங்கும் நாள் ஆகியவை அதில் காணப்படும். இப்பலகை ஆலை முதலாளியின் விருப்பத்தால் வைக்கப்பட்டதன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அறிவிப்பு ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும். எளிதில் கண்ணில் படும் இடத்தில், தூய்மையாகவும் படிக்கத் தக்கதாகவும் பேணப்படுதல் வேண்டும். அதில் குறித்த நேரத்திற்கு மாறாக எவரையும் வேலை வாங்குதல் கூடாது என்று அச்சட்டம் கட்டளையிட்டது. பெரும்பாலோர் மொழி தெரியாமல் தொலைவிலிருந்து வேலை தேடி வந்தவர், அருகிலிருப்பவரைக் கேட்டே அப்பலகையை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் எழுதி வைக்கப்பட்ட விதியைக் கேட்டேனும் அறியலாம். எழுதப்படாத விதியை யாரிடம் கேட்பது?

பம்பாய் ஆலைகளில் அப்படி எழுதி வைப்பதற்கு ஒரு விதியும் இல்லாதிருந்த காலத்தில் வாழ்ந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே.

அவர் 1848-ஆம் ஆண்டு பிறந்தார். பம்பாயை அடுத்த தாணே நகரில் வளர்ந்தார். எளிய குடும்பம், உயர்கல்விக்கு வழியில்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு இரயில்வேயிலும், பின்னர் அஞ்சல் துறையிலும் சிறு பணிகளில் அமர்ந்தார். அதன்பின் பம்பாயின் மாண்டவி ஆலையில் சரக்கறைப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. சரக்கறையில் இருப்பவர் தறியில் நிற்பதில்லை. ஆனால் ஆலைக்குள் வருவோரையும் போவோரையும் நாள் முழுவதும் காண்பவர் அவர். தொழிலாளரின் வாழ்வை லோகண்டே கற்றது இங்கேதான்.

அக்காலத்து ஆலைகளில் மின்விளக்குக் கிடையாது. கதிரவன் எழும்போது இயந்திரங்கள் ஓடத் தொடங்கும், மறையும்போது நிற்கும். ஆதலால் வேலை நேரத்தை வகுத்தது வானமே. குளிர்காலத்தில் பகல் குறுகும்போது வேலையும் சற்றுக் குறையும். கோடையிலோ ஏறத்தாழ 14 மணி நேரம் நீளும். உணவுக்கென இயந்திரம் நிறுத்தப்படுவதற்கு உறுதியில்லை. வாரம் ஒருநாள் ஓய்வு என்பதும் இல்லை. பண்டிகைக்கு ஆலை மூடப்பட்டாலும் அன்று இயந்திரங்களைத் துடைத்து எண்ணெயிடத் தொழிலாளர் வரவேண்டியிருந்தது. மாதக் கூலியோ அடுத்த மாதத்திலும் உடனே கைக்கு வருவதில்லை. அதுவரை கடைக்காரரிடம் கடனுக்கு அரிசி வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி ஏறும். உழைத்த பணம் முதலாளியிடம் இருக்கையில், உழைத்தவர் வட்டி கட்டிய விந்தை அது.

1881-ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைத்தல் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை செய்தல் கூடாது என்று அது விதித்தது. ஒன்பது மணி நேரம் என்பது ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்ட சலுகையாக அன்று கருதப்பட்டது. வளர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் அச்சட்டத்தில் நேர வரம்பு எதுவும் இல்லை.

இச்சட்டம் வந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகள், பம்பாய் ஆலைகளின் போட்டியை அஞ்சி, இந்தியாவிலும் கட்டுப்பாடு வேண்டுமென்று வற்புறுத்தினர். இதனால் தொழிலாளர் நலன் பேசியவர்களை அயலாரின் கைக்கருவிகள் என்று பழிப்பதும் எளிதாயிற்று. லோகண்டே நடந்த பாதை இத்தகையது. யார் எந்நோக்கத்தில் கேட்டாலும், களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

அவருக்குத் துணையாக இரண்டு இருந்தன. ஒன்று, மகாத்மா ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக சமாஜம். சாதி ஏற்றத்தாழ்வை எதிர்த்து எழுந்த அவ்வியக்கத்தில் லோகண்டே முன்னணியில் நின்றார். மற்றொன்று, ‘தீனபந்து’ என்னும் மராத்தி இதழ். 1880-ஆம் ஆண்டு அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, பம்பாயிலிருந்து நடத்தினார். ஏழையின் உறவினன் என்பது அவ்விதழ்ப் பெயரின் பொருள். ஆலைத் தொழிலாளரின் குறைகள் அவர்களது மொழியிலேயே அச்சேறின.

1884-ஆம் ஆண்டு பம்பாய் அரசு, தொழிற்சாலைச் சட்டத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. குழுவின் முன் முதலாளிகள் பேசுவர், அதிகாரிகள் பேசுவர். தொழிலாளருக்காக யார் பேசுவது? அவ்வாண்டு செப்டம்பரில் லோகண்டே தொழிலாளரைக் கூட்டங்களாகத் திரட்டினார். கோரிக்கைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் உருவாயிற்று. ஏறத்தாழ 5,500 பேர் அதை ஏற்றுக் கையொப்பமிட்டனர்.

அவ்விண்ணப்பம் கேட்டவை மிகச் சிலவே. ஞாயிறுதோறும் முழுநாள் ஓய்வு. நண்பகலில் அரைமணி நேர இடைவேளை. காலை ஆறரை மணிக்கு முன் வேலை தொடங்காமை, கதிரவன் மறைந்தபின் தொடராமை. ஒரு மாதத்துக் கூலியை அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் வழங்குதல். வேலையில் காயமுற்றவருக்குக் குணமாகும்வரை கூலியும், உறுப்பிழந்தவருக்குப் பிழைப்புக்கு வழியும் தருதல். கூலி உயர்வு இப்பட்டியலில் இல்லை. சேர வேண்டிய கூலி உரிய நாளில் சேர்ந்தால் போதும் என்னும் அளவுக்கே அன்றைய எதிர்பார்ப்பு இருந்தது.

அரசு உடனே அசையவில்லை. ஆண்டுகள் கழிந்தன. லோகண்டே மனம் தளராமல் எழுதியும் பேசியும் வந்தார். 1890 ஏப்ரல் 24 அன்று பம்பாய் மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் கூடினர். பெண் தொழிலாளர் இருவர் மேடையேறிப் பேசினர். பெண்கள் பொதுமேடையில் நிற்பதே அரிதாக இருந்த காலத்தில், ஆலையில் உழைப்பவர் தம் குறையைத் தாமே எடுத்துரைத்தது வியப்புக்குரியது. வார விடுமுறை வேண்டும் என்னும் விண்ணப்பம் முதலாளிகளின் சங்கத்திடம் சென்றது. ஜூன் 10 அன்று அச்சங்கம் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக ஏற்றுக்கொண்டது.

அவ்வாண்டிலேயே லோகண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இன்றைய பொருளில் அதைத் தொழிற்சங்கம் என்று கூறுவது கடினம். அதற்கு உறுப்பினர் பதிவேடு இல்லை, நிதி இல்லை, எழுதப்பட்ட விதிமுறைகளும் இல்லை. வேலைநிறுத்தம் அதன் வழியும் அன்று. தேடி வந்த தொழிலாளருக்கு லோகண்டே வழிகாட்டுவார். அரசுக்கு விண்ணப்பம் எழுதுவார். ஆயினும் இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை என்று பலர் அவரையே போற்றுகின்றனர்.

அதே 1890-இல் நாடு முழுவதற்குமான தொழிற்சாலைக் குழு ஒன்று அமைந்தபோது, பம்பாய்க்குரிய இணை உறுப்பினராக லோகண்டேயும் பணியாற்றினார். ஆறு ஆண்டுகளுக்குமுன் விண்ணப்பம் எழுதியவர் இப்போது விசாரிக்கும் இடத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு புதிய சட்டம் பிறந்தது. வார விடுமுறையும் நண்பகல் அரைமணி இடைவேளையும் சட்டமாயின. பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம் என வரம்பு ஏற்பட்டது. குழந்தைகளின் தொடக்க வயது ஒன்பதாகவும், வேலை நேரம் ஏழு மணியாகவும் மாறின. ஆண்களின் வேலை நேரத்தை இச்சட்டமும் தொடவில்லை. கூலி வழங்கும் நாளும் விடுபட்டுப் போயிற்று. ஏழாம் நாளுக்குள் அல்லது பத்தாம் நாளுக்குள் கூலி தரவேண்டும் என்னும் சட்டம் 1936-இல்தான் வந்தது. அந்நாளை வாயிலருகே எழுதி வைக்கும் வழக்கமும் அதன்பின் ஏற்பட்டதே. வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்புக்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அப்போது தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்தவர் டாக்டர் அம்பேத்கர். குறைந்தபட்சக் கூலியை மாநில அரசுகள் நிர்ணயிக்கும் முறையோ விடுதலைக்குப் பிறகு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

லோகண்டேயின் கவனம் ஆலைச் சுவர்களோடு நின்றுவிடவில்லை. கணவனை இழந்த பெண்களின் தலையை மழிக்கும் கொடிய வழக்கம் அன்று நிலவியது. அவர் முடிதிருத்துவோரைக் கூட்டி, அவ்வேலையை இனிச் செய்வதில்லை என்று அவர்களையே உறுதிகொள்ளச் செய்தார். 1893-இல் பம்பாயில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது, இரு தரப்பாரையும் ஒன்றுகூட்டி அமைதிக்கு உழைத்தார்.

1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயைப் பிளேக் நோய் பற்றியது. அது முதலில் தென்பட்ட இடம் மாண்டவிப் பகுதியே. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர். ஆலைகளில் தறிகள் ஆளின்றி நின்றன. லோகண்டே நகரைவிட்டு நீங்கவில்லை. நோயுற்ற ஏழைகளுக்கென மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தி, அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அந்நோய் அவரையும் தொற்றியது. 1897 பிப்ரவரி 9 அன்று, ஐம்பது வயதை எட்டுமுன்னரே, அவர் காலமானார்.