சிவனொளிபாதமலையில் விண்கோபுரம் எழுப்பிய ஆதர் கிளார்க்

பிறநாட்டிற் பிறந்து இலங்கையைத் தம் இல்லமாக்கிக் கொண்ட எழுத்தாளருள் ஆதர் சி. கிளார்க் அளவுக்கு உலகப் புகழ் எய்தியவர் பிறரிலர் எனலாம். அன்னார் எழுதிய நூல்கள் பலவற்றுள் மலையக வாசகருக்கு மிக நெருங்கியது ஒன்றுண்டு. ‘சுவர்க்கத்தின் நீரூற்றுகள்’ எனப் பெயர்க்கத்தக்க அந்த ஆங்கில நாவல் 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் களம் நமது சிவனொளிபாதமலையே. அம்மலைத்தொடரிலிருந்து இறங்கும் மஸ்கெலி ஓயாவின் நீரும் சேர்ந்தே பொல்பிட்டிய மின்னிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அந்நிலையத்துக்குச் சமனல என்றொரு பெயரும் உண்டு. வண்ணத்துப்பூச்சி என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். நாவலின் முடிச்சை அவிழ்ப்பவையும் வண்ணத்துப்பூச்சிகளே.

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டத்து மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். குடும்பம் கமத்தொழிற் குடும்பம். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாமே பொருத்திய தொலைநோக்கியாற் சந்திரனை ஆராய்ந்து படம் வரைந்த அச்சிறுவன், அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளை வெறியோடு வாசித்தான். பல்கலைக்கழகத்துக்குச் செல்லப் பொருள் வசதி இல்லாமையால், 1936இல் இலண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞராக அமர்ந்தார். பகலெல்லாம் கணக்கு, மாலையில் பிரித்தானிய கிரகாந்தர சங்கத்து நண்பர்களுடன் விண்கலம் பற்றிய வாதம். இவ்வாறு கழிந்தன அவ்வாண்டுகள்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையிற் சேர்ந்து ரேடார் கருவிகளோடு பழகினார். அந்தப் பழக்கத்தின் விளைவாகவே 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கலம் சுற்றுமாயின், அது பூமியின் சுழற்சியோடு ஒத்தோடி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய கலங்கள் மூன்றிருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம். இதுவே கட்டுரையின் சாரம். 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அவ்வாறே நிலைகொண்டது. தம் கருத்துக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றிருக்கவில்லை. ஆதலால் செல்வம் வரவில்லை, பெயரே வந்தது. போர் முடிந்தபின் கிங்ஸ் கல்லூரியிற் பயின்று 1948இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் எழுத்தே அவருக்கு வாழ்வாயிற்று. 1953இல் நிகழ்ந்த திருமணம் நீடிக்கவில்லை.

இலங்கையை அவர் முதலிற் கண்டது 1954இல், அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலிற் சென்ற வழியில். 1956இல் இங்கேயே வந்து குடியேறினார். அவரை ஈர்த்தது கடலடி உலகம். நீருக்குள் உடல் எடையற்று மிதப்பது விண்வெளி அனுபவத்துக்கு அண்மையானது என அவர் கருதினார். திருகோணமலையில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலைப் பாறையின் அடியிற் சுழியோடியபோது, 1620களிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் வீழ்த்திய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அதனை 1957இல் ஒரு நூலாகவும் எழுதினார். எந்தச் சமயத்தையும் சாராத பகுத்தறிவாளர் ஒருவர் சைவர்களின் இழந்த தலமொன்றுக்குச் சாட்சியாக வந்தது சுவையான செய்தியே. 1962இல் அவரைத் தாக்கிய கடும் நோய் இளம்பிள்ளை வாதமெனக் கொள்ளப்பட்டது. அதன் பின்விளைவு முதுமையில் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்திற்று.

ஸ்ரான்லி கூப்ரிக்கோடு இணைந்து உருவாக்கிய ‘2001’ என்னும் திரைப்படமும் அதன் நாவலும் 1968இல் வெளிவந்தபின் கிளார்க்கை அறியாதார் அருகினர். 1975இல் இந்தியா செய்மதி வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பை நடத்தியபோது, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையிற் தொலைக்காட்சி நிலையம் தோன்ற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த காலம் அது. தாம் முப்பதாண்டுக்கு முன் தாளில் எழுதிய கருத்து தம் வீட்டு மாடிக்கே இறங்கி வரக் காணும் பேறு எத்தனை எழுத்தாளருக்குக் கிட்டும்?

இனி நாவலுக்கு வருவோம். வன்னெவர் மோகன் என்னும் பொறியியலாளன் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஓர் ஏணி அமைக்க முனைகிறான். நிலைகொண்ட செய்மதியொன்றிலிருந்து மிக வலிய கரியிழையைக் கீழே இறக்கிப் பூமியிற் பிணைத்துவிட்டால், ரொக்கற்றின்றி மின்தூக்கியிலேயே மேலேறலாம். இது கிளார்க்கின் சொந்தக் கற்பனையன்று. 1895இல் ருசிய நாட்டுச் சியோல்கோவ்ஸ்கி கனவு கண்டது. 1960இல் ஆர்ட்சுதானொவ் என்பார் செம்மை செய்தது. ஏணியின் அடி நிலநடுக்கோட்டில், உயர்ந்த மலையொன்றில் இருத்தல் வேண்டும். ஆதலின் கிளார்க் நம் தீவை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தித் தப்ரொபேன் என்ற பழம்பெயரைச் சூட்டினார். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதத்தை இருமடங்காக்கி ஸ்ரீகந்த என்றார். சிகிரியாவை யக்ககல ஆக்கி, தந்தையைக் கொன்று அரசாண்ட காசியப்பனைக் காளிதாசன் என்ற பெயரில் உலவவிட்டார்.

மலையுச்சியில் ஒரு பௌத்த மடம். மகாநாயக்க தேரர் இடம்விட்டு அசைய மறுக்கிறார். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. ஆனால் ஒரு பழங்கதை உண்டு. காளிதாசனின் போர்வீரர்கள் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பிறந்து ஆண்டுதோறும் மலையேற முயல்வர். அவர்கள் உச்சியை அடையும் நாளில் பிக்குகள் அகல வேண்டும். முன்பு விஞ்ஞானியாயிருந்து துறவு பூண்ட ஒருவர், மோகனின் பரிசோதனையைக் கெடுக்க எண்ணி வானிலைக் கட்டுப்பாட்டுப் பொறியைத் தம் அறிவாற் குழப்பிப் புயலொன்றை எழுப்புகிறார். அப்புயலே வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்குச் சுமந்து செல்கிறது. தேரர் சொல் தவறாது மலையை விட்டிறங்குகிறார்.

இந்நாவல் 1980இல் ஹியூகோ, நெபியூலா என்னும் இரு பரிசில்களையும் பெற்றது. முன்னையது வாசகர் வாக்கினால் அளிக்கப்படுவது, பின்னையது எழுத்தாளர் வாக்கினால். எனினும் வாசகர் கருத்து ஒருமுகமாய் இருந்ததில்லை. இது விஞ்ஞானக் கதையா, மாயக் கதையா என்பதே முதல் வினா. பழவாக்குப் பலிக்கும் கதையை விஞ்ஞானக் கதையென்று எவ்வாறு ஏற்பது என்பர் ஒரு சாரார். புயலுக்குக் காரணம் பொறியெனத் தெளிவாகக் காட்டப்படுகையில் மாயம் எங்கே என்பர் மறுசாரார். மிக முன்னேறிய தொழில்நுட்பத்துக்கும் மந்திரத்துக்கும் வேறுபாடு காணவியலாது என்று விதியொன்றை வகுத்தவர் கிளார்க்கே. அவர் இவ்விரு சாராரையும் கண்டு நகைத்திருக்கக்கூடும். என் கருத்தில், வண்ணத்துப்பூச்சிக் காட்சியின் வலிமை அது இரண்டாகவும் நிற்பதிலேயே உள்ளது. காரணத்தை அறிந்த பின்னரும் தேரர் அதனை அடையாளமாக ஏற்றுக்கொள்கிறார் அல்லவா?

காளிதாசன் கதை பாதியிலே கைவிடப்படுகிறதென்பது அடுத்த குறை. அது நியாயமானதே. முற்பகுதியில் யக்ககலவின் நீரூற்றுகளும் சுவரோவியப் பெண்களும் தரும் இன்பம் பிற்பகுதியிற் கிட்டுவதில்லை. மோகனுக்குப் பொறியியலன்றி வேறு அகவாழ்வே இல்லை என்பாரும் உளர். ஆனால் கோபுரத்தில் அகப்பட்டோரை மீட்க நலிந்த இதயத்தோடு தனியே மேலேறும் அவனுடைய இறுதிப் பயணத்தைப் படித்தோர் இக்குறையை மறப்பர். வேற்றுலகத்துக் கலமொன்று வந்து தோமஸ் அக்குவைனஸின் தத்துவத்தைத் தகர்த்துச் சமயங்களுக்கு முடிவுகட்டும் பகுதிதான் நாவலில் மிக மெலிந்தது. ஆயிரமாண்டு விவாதமொன்றைச் சில பக்கங்களிற் தீர்த்துவிட்டதாக ஆசிரியர் எண்ணிவிட்டார்.

மலையகத்திலிருந்து வாசிப்போர்க்கு வேறொரு கண் உண்டு. சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறித்தவர் பலருக்கும் ஆதம் மலை. இத்தனை பேரும் ஒரே படியில் ஏறும் மலை, நாவலில் ஒரே மடத்தின் மலையாகச் சுருங்கிவிட்டது. அதன் சாரலிற் கொழுந்து பறிப்போர் கதையின் முன்னணிக்கு வருவதுமில்லை. இது சிறு குறையன்று. பெரும் பொறியியல் வேலை ஒரு புனித இடத்தைக் கேட்டால் எவர் விட்டுக்கொடுப்பது என்பதே நாவலின் வினா. அவ்வினா இம்மண்ணுக்குக் கற்பனையன்று. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. அங்கிருந்த கோவில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் அதனுடன் மூழ்கின. வரட்சியில் நீர் வற்றும்போது அவற்றின் இடிபாடுகளை இன்றும் காணலாம். அந்நீரே ஆற்றுவழி இறங்கி மின்னொளியாகிறது. ஒளியின் தேவையை எவரும் மறுக்கமாட்டார். கிளார்க்கின் தேரருக்குச் சட்டமும் வழக்கறிஞரும் துணை நின்றனர். இறுதியில் ஒரு பழவாக்கு அவரைக் கௌரவத்தோடு இறக்கிவிட்டது. மஸ்கெலியாவின் கடைக்காரருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் எந்த வண்ணத்துப்பூச்சியும் வந்து சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்து படிப்பவருக்கு நாவல் குறைந்துபோவதில்லை. மாறாக, தேரர் படியிறங்கும் காட்சி மேலும் கனக்கிறது.

நாவல் அச்சேறிய அதே காலத்தில் சாள்ஸ் செவீல்ட் என்பாரும் விண்ணேணி பற்றியே ஒரு நாவல் எழுதியிருந்தார். திருட்டென்று எவரும் ஐயுறாதிருக்கும் பொருட்டு, இரண்டும் தனித்தனியே பிறந்தவை என்று கிளார்க் தாமே பகிரங்கக் கடிதம் எழுதினார். எழுத்துலகில் இத்தகைய பெருந்தன்மை அரிது.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கினார். 1984இல் அவர் பெயரால் நவீன தொழில்நுட்ப நிலையமொன்று மொறட்டுவைக்கு அருகே கட்டுபெத்தையில் அமைந்தது. 1998இல் பிரித்தானியா சேர் பட்டமும், 2005இல் இலங்கை அரசு ஸ்ரீலங்காபிமான்ய விருதும் அளித்தன. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடிப் பயிற்சி நிலையத்தை அழித்தது. 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பிற் தமது தொண்ணூறாம் வயதிற் காலமானார். எந்தச் சமயச் சடங்கும் கூடாதென்று முன்னரே எழுதி வைத்திருந்தார். அவ்வாறே கனத்தை மயானத்தில் அடக்கம் நிகழ்ந்தது. 1977இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முப்பது வயது நிரம்பு முன்னரே மாண்ட லெஸ்லி ஏக்கநாயக்க என்னும் இளம் நண்பரும் அம்மயானத்திலேயே துயில்கிறார். சிவனொளிபாதமலை நாவலைக் கிளார்க் காணிக்கையாக்கியது அந்நண்பரின் நினைவுக்கே.