டிலனாய் தளபதி

தோல்வியே சிலர்க்குப் பெருவாழ்வின் வாயிலாய் அமைகின்றது. அங்ஙனம் வாழ்வு பெற்றோருள் ஒருவர் டிலனாய் தளபதி. ஐரோப்பாவிற் பிறந்த இவர், ஒல்லாந்தர் கீழ்த்திசை வணிகக் கழகத்தின் படையிற் பணியேற்றவர். மிளகு வாணிகம் பற்றி அக்கழகத்தார்க்கும் திருவிதாங்கூர் வேந்தர் மார்த்தாண்ட வர்மருக்கும் பகை மூண்டது. 1741-ஆம் ஆண்டில் இலங்கையினின்றும் கப்பலேறிய ஒல்லாந்தர் படை குளச்சற் கரையில் இறங்கிற்று.

அப்போரை மேசைமேல் விளையாட்டாக அமைத்து யாம் ஆடிப் பார்த்ததுண்டு. பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்கள் 1824 முதல் நிலப்படத்தின்மேற் கட்டைகளை நகர்த்தியும் கவறுருட்டியும் போர் பயின்ற முறையே இதற்கு மூலம். மணலாற் கரையும், நீலத் துணியாற் கடலும், புளியங்கொட்டைகளாற் படைஞரும் அமைத்தோம்.

கரையேறுதல் ஒல்லாந்தர்க்கு எளிதாகவே முடிந்தது. கற்குளம் வரை முன்னேறினர். இடர் பின்னரே தோன்றிற்று. எம் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினக் கரைகளில் ஆனி ஆடியிலும் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். குளச்சற் கடலோ தென்மேற்குப் பருவக் காற்றாற் கொந்தளிப்பது. ஆதலின், அம்மாதங்களில் ஒல்லாந்தர் கப்பல் கரையை அணுகலாகாதென விதி வகுத்தோம். அவ்வொரு விதியால், எத்துணை முறை ஆடினும், கரையிலிருந்த கொட்டைகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. இறங்கிய படைக்கு உணவும் மருந்தும் துணையும் வந்து சேராவிடின், பிடித்த கரையே அதற்குச் சிறையாகும் என்பதை அன்று உணர்ந்தோம்.

உண்மைப் போரிலும் அதுவே நிகழ்ந்தது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் திருவிதாங்கூரார் எறிந்த குண்டொன்று வெடிமருந்துப் பீப்பாயில் வீழ்ந்தது. மூண்ட தீயில் அரிசியெல்லாம் எரிந்தொழிந்தது. படை பணிந்தது, டிலனாய் சிறைப்பட்டார்.

வேந்தர் அவர்தம் திறனறிந்து தம் படையைப் பயிற்றும் பணியில் அமர்த்தினார். டிலனாய் ஐரோப்பிய முறையில் வீரரைப் பழக்கினார். உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் வலுப்படுத்தினார். வலிய கப்பித்தான் எனப் பெயர் பெற்றார். பின்னர் அவர் சமைத்த நெடுங்கோட்டை அரண், 1789-இல் திப்புவின் முதற் றாக்குதலைத் தடுத்து நின்றது.

அரண்மனை அலுவலராகிய நீலகண்ட பிள்ளை இவர் நட்பாற் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் அரசர் ஏவலராற் சுடப்பட்டு மாண்டார்; 2022-இல் புனிதராக அறிவிக்கப் பெற்றார். தம் நண்பரைக் கொன்ற அரசிற்கே டிலனாய் இறுதிவரை ஊழியம் புரிந்தார். ஒருபுறத்துக் கொட்டையை மறுபுறம் வைப்பது மேசைமேல் ஒரு நொடிச் செயல். மனிதர்க்கோ அது முப்பத்தாறு ஆண்டு வாழ்க்கை. அவருள்ளம் பட்ட பாட்டை அளக்க எவ்விளையாட்டிலும் விதியில்லை. யாமும் தீர்ப்புக் கூறத் துணியோம்.

1777-இல் அவர் உதயகிரியில் உயிர் நீத்தார். ஆங்குள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. பகைவராய் வந்து கரையேறியவரைத் தமிழ் எழுத்துத் தன்னவராய் ஏற்றுக்கொண்டமைக்கு அக்கல்லே சான்று. நண்பர்காள்! நாகர்கோவில் செல்வீராயின், உதயகிரிக்கும் சென்று அக்கல்லைக் கண்டு வருவீராக.