ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (சனவரி 4, 1892 - சனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியலாளர், கணக்குத் தணிக்கையாளர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். அமெரிக்காவில் வணிக மேலாண்மையும் பொது நிதியும் பயின்ற இவர், பிரித்தானிய ஆட்சியின் வரவு செலவுகளை ஆராய்ந்து இந்தியாவின் வறுமைக்கான காரணத்தை விளக்கினார். பின்னர் மகாத்மா காந்தியுடன் இணைந்து கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். காந்தியப் பொருளியலுக்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

பிறப்பும் குடும்பமும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கர்னீலியசு. தந்தை எஸ். டி. கர்னீலியசு பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். இவருடைய சகோதரர்களுள் ஜே. எம். குமரப்பா, பம்பாயில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் இயக்குநராக விளங்கினார். மற்றொரு சகோதரரான பாரதன் குமரப்பா, காந்திய எழுத்தாளராகவும் கிராமத் தொழில் இயக்கத்தில் உடன் உழைத்தவராகவும் அறியப்படுகிறார். 1929-ல் இந்தியா திரும்பிய பின்னர் கர்னீலியசு என்ற பெயரை விடுத்து, குமரப்பா என்ற குடும்பப் பெயரை இவர் ஏற்றுக்கொண்டார்.

கணக்கியல் கல்வியும் தணிக்கைத் தொழிலும்

குமரப்பா 1912-ல் கணக்கியல் பயில்வதற்காக இங்கிலாந்து சென்றார். அக்காலத்தில் இந்தியாவில் வணிகவியலுக்கெனத் தனிக் கல்லூரி எதுவும் நிலைபெற்றிருக்கவில்லை. பம்பாயின் சிடனாம் வணிகவியல் கல்லூரியே அடுத்த ஆண்டான 1913-ல் தான் தொடங்கப்பட்டது. லண்டனில் தணிக்கையாளர்களுக்கான தொழில்முறைத் தேர்வுகளில் தேறிய இவர், சில காலம் அங்கேயே பணிபுரிந்தார்.

தாயாரின் விருப்பத்திற்கிணங்க 1919-ல் இந்தியா திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலை மேற்கொண்டார். பின்னர் கர்னீலியசு அண்ட் தாவர் என்ற தணிக்கை நிறுவனத்தைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து நடத்தினார். அந்நாட்களில் மேற்கத்திய உடையும் பழக்கவழக்கங்களும் கொண்டவராக, நல்ல வருவாயுடன் வாழ்ந்தார். அரசியலில் ஈடுபாடு கொண்டிருக்கவில்லை.

வணிக மேலாண்மை, பொது நிதிக் கல்வி

1927-ல் குமரப்பா ஐக்கிய அமெரிக்கா சென்றார். ஓய்வுக்காகச் சென்ற போதிலும் சும்மா இருக்க விரும்பாமல், நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்கியூசு பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஏற்கெனவே தணிக்கையாளராகத் தொழில் செய்து வந்த அவர், 1928-ல் வணிக மேலாண்மையில் இளம் அறிவியல் பட்டம் பெற்றார்.

அதன் பின்னர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். அங்கு இவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன் ஆவார். வரியியலில் உலகப் புகழ் பெற்ற செலிக்மன், செலுத்துவோரின் திறனுக்கேற்ப வரி விதிக்கப்பட வேண்டும் என வலியுறுத்தியவர்.

அக்காலத்தில் குமரப்பா ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரை குறித்த செய்தி நியூயார்க் டைம்சு நாளிதழில் வெளியானது. அதைக் கண்ட செலிக்மன், அப்பொருளையே பொது நிதியின் வழியாக ஆராய்ந்து ஆய்வேடு எழுதுமாறு அறிவுறுத்தினார். இவ்வாய்வே குமரப்பாவின் வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்தது.

ஓர் அரசு மக்களிடமிருந்து எவ்வளவு பெறுகிறது, அதை எதற்குச் செலவிடுகிறது என்பதே ஆய்வின் அடிப்படை வினாவாகும். நிலவரி, உப்பு வரி போன்றவற்றின் சுமை ஏழை மக்கள் மீது விழுந்தது. வருவாயின் பெரும்பகுதி இராணுவம், நிர்வாகம், கடன் வட்டி ஆகியவற்றிற்குச் சென்றது. கல்விக்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் மிகக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களின் கணக்குகளைச் சரிபார்த்து வந்த குமரப்பா, அதே முறையில் பேரரசின் கணக்கைப் பார்த்தபோது, இந்தியாவின் வறுமை இயற்கையாக நேர்ந்ததன்று என்ற முடிவுக்கு வந்தார். அரசியலில் நாட்டமில்லாதிருந்த அவரைத் தேசியவாதியாக்கியது இந்த ஆய்வேயாகும்.

காந்தியுடன் சந்திப்பு

1929-ல் இந்தியா திரும்பிய குமரப்பா தம் ஆய்வேட்டை நூலாக வெளியிட விரும்பினார். அதன் தொடர்பாக மே 9, 1929 அன்று சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக் கொண்டிருந்த முதியவரே காந்தி என்பதை அவர் முதலில் அறிந்திருக்கவில்லை. காந்தி அந்த ஆய்வைத் தம்முடைய யங் இந்தியா இதழில் 1929-30 காலப்பகுதியில் தொடராக வெளியிட்டார். பின்னர் அது நூலாகவும் வந்தது.

அச்சந்திப்பிலேயே குசராத்தில் ஒரு கிராமப்புறப் பொருளாதார ஆய்வை மேற்கொள்ளுமாறு காந்தி அவரைக் கேட்டுக் கொண்டார். குமரப்பாவிற்கு அப்போது குசராத்தி மொழி தெரியாது. எனினும் குசராத் வித்யாபீட மாணவர்களின் துணையுடன் கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களின் வருவாய், செலவு, கடன், நிலவரி ஆகியவற்றைத் திரட்டினார். இந்த ஆய்வு 1931-ல் நூலாக வெளிவந்தது. நூலகத்தில் அரசு ஆவணங்களைக் கொண்டு செய்த ஆய்வு, இம்முறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபெற்றது எனலாம்.

விடுதலைப் போராட்டம்

உப்புச் சத்தியாகிரகத்தின் போது யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். அதில் எழுதியவற்றுக்காக 1931-ல் சிறைத்தண்டனை பெற்று, காந்தி - இர்வின் உடன்படிக்கையின்படி விடுதலையானார்.

அவ்வாண்டு கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாட்டைத் தொடர்ந்து, இந்தியாவிற்கும் பிரித்தானியாவிற்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. புலாபாய் தேசாய், கே. டி. ஷா முதலியோர் இடம் பெற்ற இக்குழுவின் அமைப்பாளராகக் குமரப்பா செயல்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மூலதனத்திற்கான ஈடு, 1857 எழுச்சியை அடக்கிய செலவு, நாட்டுக்கு வெளியே நடந்த போர்களின் செலவு ஆகியவை இந்தியாவின் கடனாக எழுதப்பட்டது முறையன்று எனக் குழு வாதிட்டது. 1932-ல் குமரப்பா மீண்டும் கைது செய்யப்பட்டு நாசிக் சிறையில் அடைக்கப்பட்டார்.

பீகார் நிலநடுக்க நிவாரணம்

சனவரி 15, 1934 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இராசேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் கணக்குகளை மேற்பார்வையிடும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் நன்கொடையாக அளித்த பணத்தில் ஒரு காசும் முறையின்றிச் செலவாகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு 3 அணா என வரம்பிட்ட அவர், அங்கு வந்த காந்தியின் குழுவினருக்கான செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர மறுத்ததாகக் கூறப்படுகிறது.

கிராமத் தொழில்கள்

1934 இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார். வார்தாவில் உள்ள மகன்வாடி இதன் தலைமையிடமாகும். கதரைச் சார்ந்த ஊர்ப்புறப் பணிகள் அதற்கு முன்னரே பல இடங்களில் நடைபெற்று வந்தன. தமிழகத்தில் அன்றைய சேலம் மாவட்டத்தில், தற்போது நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய திருச்செங்கோட்டிற்கு அருகே, புதுப்பாளையத்தில் இராசாசி 1925-ல் நிறுவிய காந்தி ஆசிரமம் அவற்றுள் ஒன்று. கதர் தவிர்ந்த பிற தொழில்களையும் ஆய்வுடன் வளர்ப்பது புதிய சங்கத்தின் நோக்கமாக இருந்தது.

கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், கைத்தாள், தேனீ வளர்ப்பு, தோல் பதனிடுதல், சவர்க்காரம் ஆகியவற்றில் சோதனைகள் செய்யப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் உருவாக்கப்பட்டது. இச்சங்கத்தின் கிராம் உத்யோக் பத்திரிகா இதழைக் குமரப்பா நடத்தினார்.

1938-ல் சவகர்லால் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இடம் பெற்றிருந்த குமரப்பா, அதன் போக்கு பெருந்தொழில்களைச் சார்ந்திருந்ததால் சில மாதங்களில் விலகினார்.

பொருளியல் கருத்துகள்

குமரப்பாவின் கருத்துகள் 1936-ல் வெளிவந்த ஒய் த வில்லேஜ் மூவ்மென்ட், 1945-ல் வெளிவந்த எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ் ஆகிய நூல்களில் விரிவாக உள்ளன. இரண்டாவது நூல் சிறையில் இருந்தபோது எழுதப்பட்டது.

இயற்கையிலிருந்து எடுத்துக்காட்டுகள் கொண்டு பொருளாதாரத்தை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். பிற உயிரை அழித்து உண்ணும் புலி, பிறர் உழைப்பில் விளைந்த கனியைப் பறிக்கும் குரங்கு, தானே கூடு கட்டும் பறவை, கூட்டாக உழைக்கும் தேனீ, பலன் கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை என்பன அவையாகும். கடைசி வகையே உயர்ந்தது என்பது அவரது கொள்கை.

நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறைந்துவிடும் தேக்கங்கள் என்றும், காட்டு மரம் போன்றவை தொடர்ந்து வளர்வதால் ஓடும் ஆற்றுக்கு ஒப்பானவை என்றும் அவர் வேறுபடுத்தினார். தேக்கங்களை நம்பிய பொருளாதாரம் நாடுகளிடையே போட்டிக்கும் போருக்கும் வழிவகுக்கும் எனக் கருதினார். ஒரு பொருளின் விலையை மட்டும் பார்த்தல் போதாது. அதன் உற்பத்தியால் யார் வேலை இழந்தனர், எந்த வளம் குறைந்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பதே அவரது எழுத்துகளின் சாரமாகும்.

விடுதலைக்குப் பின்

இந்திய விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவின் தலைவராகக் குமரப்பா பணியாற்றினார். 1949-ல் அளிக்கப்பட்ட இதன் அறிக்கை இடைத்தரகர்களை நீக்குதல், உழுபவருக்கே நிலம், நில உச்சவரம்பு, சிறு உழவர்களுக்குக் கூட்டுறவு முறை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. ஆயினும் அரசின் திட்டங்கள் பெருந்தொழில்களையே முதன்மையாகக் கொண்டதால், குமரப்பா அவற்றைத் தொடர்ந்து விமர்சித்து வந்தார். 1950-களின் தொடக்கத்தில் சீனா, சப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளுக்குச் சென்று வந்தார்.

உடல்நலம் குன்றிய நிலையில், தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். இவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. காந்தியின் நினைவு நாளான சனவரி 30 அன்று, 1960-ல் காலமானார்.

தாக்கம்

செருமானியப் பொருளியலாளர் ஈ. எஃப். சூமாக்கர் 1973-ல் வெளியிட்ட ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் என்ற நூலில் குமரப்பாவின் கருத்துகளை எடுத்தாண்டுள்ளார். ராசத்தானின் செய்ப்பூரில் உள்ள குமரப்பா கிராம சுயராச்சிய நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. வேணு மாதவ் கோவிந்து, தீபக் மல்கான் ஆகியோர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2016-ல் வெளிவந்தது. வளங்குன்றா வளர்ச்சி பற்றிய விவாதங்கள் பெருகிய பின்னர், இந்தியாவின் தொடக்ககாலச் சூழலியல் பொருளியலாளர்களுள் ஒருவராக இவர் மதிப்பிடப்படுகிறார்.