ஒற்றைக் கை மேஜரின் படகுப் பயணம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் பெயர் பவல் ஏரி.

நம் ஊர் ஏரியைப் போல அது விரிந்து கிடக்காது. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைகள் சுவர் போல நிற்கும். அவற்றின் நடுவே நீர் வளைந்து வளைந்து போகும். நிரம்பி இருந்த காலத்தில் அதன் நீளம் 186 மைல். ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள வல்லக்கோட்டை முருகன் கோவில் வாசலில் இருந்து புறப்பட்டால், ஏறக்குறைய திருச்சி மலைக்கோட்டை வரை எட்டும் நீளம்!

இந்த ஏரியில் முதல் முறையாகப் படகில் போக விரும்புகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே யோசனை செய்யத் தொடங்குகிறார்கள். வீட்டுப் படகை வாடகைக்கு எடுப்பதா, சிறு படகு போதுமா? எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? எத்தனை நாளைக்கு உணவு? காற்று பலமாக வீசினால் எந்தப் பாறை இடுக்கில் ஒதுங்குவது? கரையில் கடைகள் மிகச் சில. ஒரு பொருளை மறந்துவிட்டால் பல மைல் திரும்பி வர வேண்டும்.

இதே கேள்விகளை 1869-ம் ஆண்டில் ஒருவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அப்போது அங்கே ஏரி இல்லை. கொலராடோ ஆறுதான் ஓடியது. அதற்குச் சரியான வரைபடம் இல்லை. வழியில் கடை இல்லை. அவருக்கு வலது கையும் இல்லை.

அவர்தான் ஜான் வெஸ்லி பவல். அந்த ஏரி இப்போது அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கல்லடி பட்ட சிறுவன்

பவல் 1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் இங்கிலாந்தில் இருந்து குடியேறியவர். ஊர் ஊராகச் சென்று மதப் பிரசாரம் செய்தவர். கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருப்பது பாவம் என்று அவர் பகிரங்கமாகப் பேசினார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தை மகன் மீது காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சிறுவன் பவலைக் கல்லால் அடித்தார்கள்.

பள்ளிக்கூடம் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். காட்டுக்குக் கூட்டிப் போய்ச் செடியையும் கல்லையும் காட்டினார். அந்தப் பைத்தியம் பவலைக் கடைசி வரை விடவே இல்லை!

மகனும் பிரசாரகர் ஆக வேண்டும் என்பது தகப்பனார் ஆசை. மகனோ ஆறுகளைத் தேடிப் போனார். 22 வயதில் மிசிசிப்பி ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கடல் வரை சென்றார். அடுத்த ஆண்டு ஒஹையோ ஆறு. பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை.

குண்டு பாய்ந்தது

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை எதிர்த்த குடும்பத்துப் பிள்ளை பவல், வட மாநிலப் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே எம்மா டீன் என்ற உறவுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1862 ஏப்ரல் 6. ஷைலோ என்ற இடத்தில் கடும் சண்டை. பீரங்கியைச் சுடும்படி கட்டளை இடுவதற்காகப் பவல் வலது கையைத் தூக்கினார். குண்டு அந்தக் கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வலி ஆயுள் முழுவதும் தீரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பவல் மறுபடியும் போர்க்களத்துக்கே போனார். மேஜர் பதவியோடு வெளியே வந்தார். பிறகு இல்லினாய் மாநிலத்தில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியர் ஆனார். பூமியின் பாறைகளைப் பற்றிச் சொல்லும் சாஸ்திரம் அது.

விடுமுறை வந்தால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மேற்கு மலைகளுக்குப் போவார். 1868-ல் 14,000 அடிக்கு மேல் உயரமான லாங்ஸ் சிகரத்தில் ஒற்றைக் கையோடு ஏறினார். அங்கேதான் கொலராடோ ஆறு அவர் மனதைப் பிடித்தது. அந்த ஆறு மலையைக் கத்தி போல அறுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஓடுகிறது. அதன் கரையில் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். ஆனால் ஆற்றின் முழுப் பாதை எந்தப் படத்திலும் இல்லை. அமெரிக்கப் படத்தில் அந்தப் பகுதி வெறும் வெள்ளையாகவே கிடந்தது.

படகில் இறங்கிப் பார்த்துவிடுவது என்று பவல் தீர்மானித்தார்.

திட்டமும் ஒரு தவறும்

அவர் போட்ட திட்டத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சிகாகோவில் நான்கு படகுகள் கட்டச் சொன்னார். மூன்று, உறுதியான ஓக் மரத்தில் 21 அடி நீளம். நான்காவது, பைன் மரத்தில் 16 அடி, இலேசானது. அதற்கு மனைவியின் பெயரான எம்மா டீன் என்பதையே வைத்தார். அந்தச் சிறு படகில் பவல் முன்னே போவார். ஆபத்து தெரிந்தால் கொடி காட்டுவார். மற்றப் படகுகள் கரை ஒதுங்க வேண்டும். படகுகளின் இரண்டு முனையிலும் தண்ணீர் புகாத அறைகள் வைத்து மூடப்பட்டன.

உணவு பத்து மாதத்துக்கு. மாவு, உப்புக்கண்டம், அவரை, உலர்ந்த ஆப்பிள், சர்க்கரை, காப்பி. பட்டாளத்து ரேஷன் எடுத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதி தந்தது. ஒவ்வொரு பொருளையும் மூன்றாகப் பிரித்து மூன்று பெரிய படகிலும் வைத்தார். ஒரு படகு மூழ்கினாலும் மற்ற இரண்டில் எல்லாம் மிச்சம் இருக்கும் அல்லவா?

நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மட்டும் பிரிக்க மறந்தார். காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் பாரமானிகள் எல்லாம் ஒரே படகில் போய்ச் சேர்ந்தன. ஆறு இன்னும் எத்தனை அடி கீழே இறங்க வேண்டும் என்று சொல்ல அந்தக் கருவிதான் உண்டு.

படகிலும் ஒரு குறை இருந்தது. ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். பரிசல் தட்டையானது, இலேசானது. சுழலில் சுற்றித் திரும்பும். பவலின் படகுகள் கனமானவை. நேராகப் போகவே கட்டப்பட்டவை. பாறைக்குப் பாறை திருப்ப வேண்டிய ஆற்றில் அவை படாதபாடு படுத்தின. போதாததற்கு, துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்!

1869 மே 24-ந் தேதி, வயோமிங்கில் உள்ள கிரீன் ரிவர் ரெயில் நிலையத்தின் அருகே பத்துப் பேர் புறப்பட்டார்கள். வேட்டைக்காரர்கள், பழைய பட்டாளத்துக்காரர்கள், பவலின் தம்பி வால்டர் ஆகியோர் அந்தக் கூட்டம். நுரை பொங்கும் ஆற்றில் பழகியவர் ஒருவரும் இல்லை.

முதல் அடி

இரண்டு வாரம் கழித்து, லொடோர் என்ற பள்ளத்தாக்கில் ஹவ்லண்டு என்பவர் ஓட்டிய படகு, கொடியைக் கவனிக்காமல் நீர்ச்சரிவில் இறங்கியது. பாறையில் மோதி உடைந்தது. மூன்று பேரும் உயிர் தப்பினார்கள். உணவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பாரமானிகள் அந்தப் படகில்தான் இருந்தன!

மறுநாள் உடைந்த துண்டு ஒன்று பாறையில் சிக்கி இருப்பது தெரிந்தது. இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துப் போய்ப் பாரமானிகளை மீட்டு வந்தார்கள். கூடவே ஒரு விஸ்கிப் பீப்பாயும் கிடைத்தது. இரண்டில் எதற்காக அவர்கள் போனார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்!

ஆனால் பவலுக்கும் ஹவ்லண்டுக்கும் அன்று விழுந்த விரிசல் சேரவில்லை.

ஒரு நாள் பவல் செங்குத்தான பாறையில் ஏறினார். நடுவழியில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒற்றைக் கை பாறையைப் பிடித்திருக்க, கால் நடுங்கத் தொடங்கியது. மேலே நின்ற பிராட்லியிடம் கயிறு இல்லை. அவர் சட்டென்று தம் நீண்ட உள் கால்சட்டையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார். பவல் பாறையை விட்டுவிட்டு அதைத் தாவிப் பிடித்தார். பிழைத்தார்.

இதற்கிடையில் வெளியே ஒரு புரளி. பவலின் கூட்டம் முழுவதும் மாண்டது, தான் ஒருவனே தப்பினேன் என்று ஓர் ஏமாற்றுக்காரன் கதை கட்டினான். பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அது பொய் என்று எடுத்துக் காட்டியவர் எம்மாதான்.

பிரிந்த மூவர்

ஜூலை கடைசியில் ஆறு அமைதியானது. வழவழப்பான சிவப்புப் பாறை, பக்கத்தில் பசுமையான ஓடைகள். பவல் அந்த இடத்துக்குக் கிளென் கான்யன் என்று பெயரிட்டார். பேசினால் இசை போல எதிரொலிக்கும் ஒரு குகைக்கு இசைக்கோவில் என்று பெயர் வைத்தார். அங்கே ஹவ்லண்டு, அவர் தம்பி செனிகா, வில்லியம் டன் மூவரும் தங்கள் பெயரைப் பாறையில் செதுக்கினார்கள்.

அடுத்தது கிராண்டு கான்யன். ஒரு மைல் ஆழம். உணவு கெட்டுவிட்டது. புளித்த மாவைக் கொசுவலையில் சலித்து ரொட்டி சுட்டார்கள். காப்பி மட்டும் தாராளமாக இருந்தது. பூர்வகுடியினர் தோட்டம் ஒன்றைக் கண்டதும் பூசணிக்காய்களைத் திருடிக்கொண்டு ஓடினார்கள். மேஜரும் பேராசிரியருமான பவலும் அந்தத் திருட்டுக்கு உடந்தை!

ஆகஸ்டு 27. எதிரே மிகப் பயங்கரமான நீர்ச்சரிவு. அன்று இரவு ஹவ்லண்டு வந்து பவலிடம் பேசினார். இனிமேல் ஆற்றில் போவது சாவதற்குச் சமம், மலை ஏறிப் போய்விடலாம் என்றார். பவல் நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போட்டார். வர்ஜின் ஆறு கலக்கும் இடம் நேர்க்கோட்டில் 45 மைல்தான். இரவு முழுவதும் மணலில் நடந்துகொண்டே யோசித்தார். விட்டுப் போக மனம் வரவில்லை.

காலையில் ஹவ்லண்டு சகோதரர்களும் டன்னும் பிரிந்தார்கள். சண்டை இல்லை. கண்ணீர்தான். மேலே போகிறவர்கள் சாகப் போவதாக ஆற்றுக்காரர்கள் நினைத்தார்கள். ஆற்றில் போகிறவர்கள் சாகப் போவதாக மலைக்காரர்கள் நினைத்தார்கள். எம்மா டீன் படகைக் கரையில் கட்டிவிட்டு, ஆறு பேர் இரண்டு படகில் இறங்கினார்கள். நொடியில் நீர்ச்சரிவைத் தாண்டினார்கள். மூவரும் திரும்பி வரட்டும் என்று துப்பாக்கியால் சுட்டு ஒலி எழுப்பினார்கள். யாரும் வரவில்லை.

மறுநாளே பள்ளத்தாக்கு முடிந்தது! ஆகஸ்டு 30-ந் தேதி வர்ஜின் ஆற்று முகத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களைக் கண்டார்கள். உடைந்த படகுத் துண்டுகள் மிதந்து வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லி நிறுத்தப்பட்டிருந்தவர்கள் அவர்கள். புறப்பட்டு 99-வது நாள்.

பிரிந்த மூவரும் ஊர் வந்து சேரவில்லை. பூர்வகுடியினரான ஷிவ்விட் மக்கள் அவர்களைக் கொன்றதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு பவல் ஆயுதப் படை இல்லாமல் அந்த மக்களிடம் போனார். வேறு யாரோ ஒரு பெண்ணைக் கொன்ற குற்றவாளிகள் என்று தவறாக எண்ணிவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். பவல் பழிவாங்கக் கேட்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து சமாதானம் செய்துகொண்டார். கொன்றவர்கள் வேறு ஆட்கள் என்று கருதும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு.

கூச்சல் போட்டார்கள்

1871-ல் பவல் மறுபடியும் அதே ஆற்றில் இறங்கினார். இந்த முறை படகின் மேல் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார். வரைபடத்தின் வெள்ளை இடம் நிரம்பியது. 1881 முதல் 1894 வரை அமெரிக்கப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் தலைவராக இருந்தார். பூர்வகுடி மக்களின் மொழிகளைத் தொகுக்கும் இலாகாவை 1879 முதல் சாகும் வரை நடத்தினார்.

ஆனால் அவருடைய பெரிய சண்டை தண்ணீரைப் பற்றியது. மேற்கில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 20 அங்குல மழை கூடக் கிடையாது. நம் காஞ்சிபுரம் பக்கத்தில் 40 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. அப்படி இருந்தும் ஏரி வெட்டி, மடை வைத்து, நீர்க்கட்டியை வைத்து முறை போட்டுத்தானே பாய்ச்சினார்கள்? ஓர் ஓடையை நம்பி இருப்பவர்கள் ஒன்று சேர்ந்து தண்ணீரைப் பங்கிட வேண்டும் என்று பவல் 1878-ல் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஏரிப் பாசன ஊர்க்காரருக்கு இது தெரிந்த பாடம். அங்கே அது புதிது. யாரும் கேட்கவில்லை.

1893-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நீர்ப்பாசன மாநாடு நடந்தது. இருக்கிற நிலம் முழுவதற்கும் போதுமான தண்ணீர் கிடையாது என்று பவல் அங்கே சொன்னார். சபை கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டு பதவியை விட்டு விலகினார். 1902 செப்டம்பர் 23-ந் தேதி, 68-வது வயதில் காலமானார்.

1922-ல் ஏழு மாநிலங்கள் கொலராடோ நீரைப் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்தன. ஆற்றில் வழக்கமாக வருவதைவிட அதிகமாக வரும் என்று எண்ணிப் பங்கு பிரித்துவிட்டார்கள். 1963 மார்ச்சில் 710 அடி உயரமுள்ள கிளென் கான்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டன. பவல் பெயர் வைத்த அழகிய பள்ளத்தாக்கு நீரில் மறைந்தது. அந்த நீருக்கே பவல் ஏரி என்று பெயர் வைத்தார்கள். மூவரும் பெயர் செதுக்கிய இசைக்கோவிலும் அடியில் போயிற்று.

ஏரி முழுவதும் நிரம்ப 17 ஆண்டுகள் பிடித்தன. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு வறட்சி தொடர்ந்தது. நீர் இறங்கிக்கொண்டே வந்தது. 2023 பிப்ரவரியில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. பழைய நீர்மட்டம் இருந்த இடத்தில், சிவப்புப் பாறையின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைக் கோடு தெரிந்தது. படகை இறக்குவதற்குப் போட்ட சிமெண்டுச் சரிவுகள் பல, நீருக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றன. அந்த ஏரிக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் பெட்ரோலையும் உணவையும் பற்றி விசாரிக்கும் முன்பு, எந்தச் சரிவில் தண்ணீர் எட்டுகிறது என்றுதான் கேட்கிறார்கள்.